கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினால் வெள்ளை லேஸ் சாம்பல் ஆகிறது: பைத்தான் கோடில் எங்கே சிக்கல்?

எம்சிரோடு தம்பி

எல்லோருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. புதுச் சரக்கு இறங்கினால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது என் பொறுப்பு. கடைக்குள் டியூப்லைட் வெளிச்சம்தான், அதனால் படம் எல்லாம் வெளிறிப்போய் வருகிறது. போனில் ஒவ்வொன்றாக எடிட் செய்து மாளவில்லை என்று பைத்தானில் ஒரு சின்ன கோட் எழுதினேன். ஃபோல்டரில் இருக்கும் எல்லாப் படத்தையும் திறந்து, ஒவ்வொரு பிக்சல் மதிப்பையும் 1.5ஆல் பெருக்கி, திரும்ப யூஇன்ட்8 ஆக மாற்றிச் சேமிக்கிறது. அவ்வளவுதான்.

வருவது கான்ட்ராஸ்ட் இல்லை, கந்தரகோலம். பிளவுஸ் பிட்டில் வெள்ளை லேஸ் சாம்பல் நிறமாகிறது. ரோஸ் சேலையில் அங்கங்கே அரக்குத் திட்டு. அடர்ந்த நிறச் சேலைகள் தப்பித்துவிடுகின்றன, ஆனால் அவற்றிலும் வெளிச்சம்தான் கூடுகிறது, அழுத்தம் வரவில்லை. பெருக்கல் தப்பா, லைப்ரரி தப்பா?

ராயபுரம்வாசி

தம்பி, இரண்டு தனித்தனிச் சிக்கல் ஒன்றாக மாட்டியிருக்கிறது.

முதலாவது இடம் போதாமை. யூஇன்ட்8 என்றால் 0 முதல் 255 வரை 256 மதிப்புகளுக்குத்தான் இடம். லேஸில் ஒரு பிக்சல் 250 என்று வையுங்கள். 1.5ஆல் பெருக்கினால் 375. அது 255இல் நிற்காது. பெரும்பாலான கணினிகளில் 256 கழிந்து 119 என்று உட்காரும். சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனலிலும் 119 என்றால் சாம்பல்தானே? ரோஸ் சேலைக்கும் இதே கதி. 240, 180, 190 என்ற இளம் ரோஸ் 360, 270, 285 ஆகி, ஒரு சுற்றுச் சுற்றி 104, 14, 29இல் விழும். நீங்கள் பார்த்த அரக்குத் திட்டு அதுதான்.

கணக்கை ஃப்ளோட்டில் (தசம எண்ணில்) செய்யுங்கள், நம்பை என்ற கணக்கு லைப்ரரியின் கிளிப் போட்டு 0க்குக் கீழே போனதை 0 என்றும் 255க்கு மேலே போனதை 255 என்றும் வெட்டுங்கள், அதற்கு அப்புறம்தான் யூஇன்ட்8. இந்த வரிசை மாறக் கூடாது. ஓபன்சிவி என்ற பட லைப்ரரியின் சொந்த ஆட் ஃபங்ஷன் 250ஐயும் 10ஐயும் கூட்டச் சொன்னால் 255இல் நின்றுவிடும். அதே எண்களை யூஇன்ட்8 நம்பை அரேயாக வைத்து வெறும் கூட்டல் குறி போட்டால் 4 வரும். இரண்டையும் ஒரே கோடில் கலந்து எழுதிவிட்டு மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் ஏராளம்.

இரண்டாவது, நீங்கள் செய்வது கான்ட்ராஸ்ட்டே இல்லை. வெறும் பெருக்கல் எல்லாவற்றையும் மேல் பக்கமே தள்ளும். கான்ட்ராஸ்ட் கூட வேண்டுமென்றால் வெளிச்சமானது மேலே போகவும் இருட்டானது கீழே போகவும் வேண்டும், நடுவில் ஒரு மதிப்பு அசையாமல் நிற்க வேண்டும். வழக்கமாக அந்த அசையாப் புள்ளியை 128இல் வைப்பார்கள்:

புதியது = (பழையது − 128) × 1.5 + 128

இப்போது 200 என்பது 236 ஆகும், 60 என்பது 26 ஆகும், 128 அப்படியே இருக்கும். பெருக்கி 1க்கு மேல் என்றால் கான்ட்ராஸ்ட் கூடும், 1க்குக் கீழ் என்றால் குறையும், 0 என்றால் மொத்தப் படமும் ஒரே சாம்பல்.

பாலிடெக்னிக் கடைசி பெஞ்ச்

சார், நான் பார்த்த இடத்தில் எல்லாம் 259 என்ற எண் வருகிற ஒரு ஃபார்முலா இருந்தது. பெருக்கி = 259 × (க + 255) ÷ (255 × (259 − க)). இதில் க என்பது ஸ்லைடர் மதிப்பு. 259 எங்கிருந்து வந்தது?

ராயபுரம்வாசி

ஸ்லைடரை −255 முதல் 255 வரை ஓடவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. 0 வைத்தால் பெருக்கி சரியாக 1. 50 வைத்தால் சுமார் 1.48, −50 வைத்தால் சுமார் 0.67. கோடி முனை 255 வைத்தால் 129.5, அதாவது 128க்கு மேலே எல்லாம் வெள்ளை, கீழே எல்லாம் கறுப்பு. 259 இருக்கும் இடத்தில் 255 போட்டிருந்தால் அந்த முனையில் 0ஆல் வகுக்க வேண்டி வரும். இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஸ்லைடர் இல்லாத கோடுக்கு இந்த ஃபார்முலா எதற்கு? பெருக்கியை நேராக எழுதிவிட்டுப் போகலாம்.

காசிமேடு கேமரா

ராயபுரம் அண்ணா சொன்ன கணக்கு சரி, ஆனால் 128 என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் நான் எடுக்கும் படங்களில் முக்கால்வாசி 90க்குக் கீழேதான் இருக்கும். படகு, வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள் எல்லாமே அரையிருட்டு. 128ஐ அசையாப் புள்ளியாக வைத்து 1.5 போட்டால் 80 என்பது 56 ஆகிறது, 40 என்பது 0க்குக் கீழே போய் வெட்டுப்படுகிறது. வலைக் கண்ணி மொத்தமும் கறுப்பு. கான்ட்ராஸ்ட் கேட்டால் நிழல் படம் கிடைக்கிறது.

படத்தின் சராசரியை அசையாப் புள்ளியாக வைத்துப் பாருங்கள். சராசரி 70 என்றால் 80 என்பது 85 ஆகும், 40 என்பது 25 ஆகும். வலையும் தெரியும், அழுத்தமும் வரும். பில்லோ லைப்ரரியின் இமேஜ்என்ஹான்ஸ் கான்ட்ராஸ்ட் இதைத்தான் செய்கிறது: படத்தைச் சாம்பலாக்கிச் சராசரி எடுத்து, அதிலிருந்து விலக்குகிறது. அதனால்தான் பில்லோவில் 1.5 போட்டதும் கையால் எழுதிய 1.5ம் ஒரே மாதிரி வருவதில்லை.

எம்சிரோடு தம்பி

கிளிப் போட்டதும் லேஸ் சாம்பலாவது நின்றுவிட்டது. நன்றி அண்ணா. அப்புறம் ஒரு வீடியோவில் கன்வெர்ட்ஸ்கேல்ஆப்ஸ் என்ற ஓபன்சிவி ஃபங்ஷன் ஒரே வரியில் முடித்துவிடும், வெட்டலும் அதுவே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஆல்ஃபா (பெருக்கி) 1.5, பீட்டா (பெருக்கியபின் கூட்டுவது) −64 கொடுத்தேன். வெள்ளை நன்றாக இருக்கிறது. ஆனால் கறுப்புச் சேலையில் மடிப்புகளுக்குள் சாம்பல் பூத்திருக்கிறது. இது என்ன புதுக் கூத்து?

வியாசர்பாடி பத்தாம் நம்பர் ஜெர்சி

பெயரிலேயே இருக்கிறது, கடைசியில் வரும் அந்த ஆப்ஸ். மைனஸ் குறியைத் தூக்கி எறிந்துவிடும். −64 என்பது 128ஐ அசையாப் புள்ளியாக வைப்பதற்கான சரியான மதிப்புதான், ஆனால் இருட்டுப் பக்கம் என்ன நடக்கிறது பாருங்கள். 43 என்ற பிக்சல் ஏறக்குறைய 0 ஆகிறது, நல்லது. 20 என்பது −34 ஆகி 34 என்று திரும்பி வருகிறது. சுத்தக் கறுப்பான 0 என்பது −64 ஆகி 64 ஆகிறது. மடிப்புக்குள் எது மிக இருட்டோ அதுதான் அதிகம் வெளுக்கும்.

மேல் முனையை 255இல் வெட்டுவது உண்மை. கீழ் முனையில் வெட்டாது, மடக்கிவிடும். பீட்டா மைனஸாக இருக்கும்போது இந்த ஃபங்ஷனைத் தொடாதீர்கள். இணையத்தில் பாதிப் பாடங்கள் பீட்டாவை பிளஸ்ஸில் மட்டும் வைத்துக் காட்டுவதால் இது வெளியே தெரிவதே இல்லை.

இன்னொன்று. 128ஆ சராசரியா என்று சண்டை போடுவதைவிட, படத்தையே கேட்டுவிடலாம். படத்தில் இருக்கும் மிக இருட்டான மதிப்பு 34, மிக வெளிச்சமானது 119 என்றால், 34ஐ 0க்கும் 119ஐ 255க்கும் இழுங்கள்:

புதியது = (பழையது − 34) × 255 ÷ 85

இங்கே பெருக்கி தானாகவே 3 ஆகிவிட்டது. அசையாப் புள்ளி எது என்று கணக்குப் போட்டால் 51 வரும். அதாவது இதுவும் அதே நேர்கோடுதான், எங்கே சுழல்வது, எவ்வளவு சாய்வது என்பதை மட்டும் படம் முடிவு செய்கிறது.

நிஜப் படத்தில் மிகக் குறைந்தது, மிக அதிகம் என்று அப்படியே எடுத்தால் ஏமாறுவீர்கள். ஜரிகையில் ஒரு மினுக்கு, பிளாஸ்டிக் கவரில் டியூப்லைட் பிரதிபலிப்பு, அது போதும் 255க்கு. நாற்காலிக்கு அடியில் ஒரு புள்ளி 0. இரண்டு முனையும் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் கோட் ஓடும், படம் மாறாது. அதனால் இரண்டு முனையிலும் 1 சதவீதப் பிக்சலைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டு, மீதியில் குறைந்தது, அதிகம் பாருங்கள். நம்பையில் பெர்சென்டைல் என்றே ஃபங்ஷன் இருக்கிறது.

தேரடி ஸ்டூடியோ

பெரியவன் ஒருத்தன் குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். திருவொற்றியூரில் ஸ்டூடியோ வைத்திருந்தேன், டார்க்ரூம் காலத்து ஆள். அப்போது கான்ட்ராஸ்ட்டைப் பேப்பரில் மாற்றுவோம். 2ஆம் நம்பர் நார்மல் பேப்பர். நெகட்டிவ் சோகையாக இருந்தால் 3, 4 என்று ஹார்ட் பேப்பருக்குப் போவோம். அழுத்தம் தாங்காவிட்டால் 1ஆம் நம்பர். ஆனால் பேப்பரைத் தேடுவதற்கு முன்னால் நெகட்டிவ் ஏன் சோகையானது என்று பார்ப்போம்.

தம்பி, முதலில் போன் லென்சைத் துடையுங்கள். நாள் முழுக்கக் கையில் இருக்கிற போன், லென்ஸ்மேல் விரல் பிசுக்கு கட்டாயம் இருக்கும். அந்தப் பிசுக்கில் டியூப்லைட் பட்டுச் சிதறி, படம் முழுக்க ஒரு வெள்ளைப் படலம் போர்த்திவிடும். கறுப்பு கறுப்பாக இருக்காது, 40, 50 என்று தூக்கிக்கொண்டு நிற்கும். இதைத்தான் நீங்கள் கோட் எழுதி எடுக்கப் பார்க்கிறீர்கள். பனியன் துணியில் ஒரு துடை. டியூப்லைட் லென்சுக்கு நேரே விழாதபடி நின்று எடுங்கள். பாதி வேலை முடிந்தது.

எம்சிரோடு தம்பி

ஐயா, துடைத்து எடுத்துப் பார்த்தேன். சிரிப்புத்தான் வருகிறது, அவ்வளவு வித்தியாசம். ஆனால் வெளிறல் முழுதாகப் போகவில்லை. சுவர் வெளிர் பச்சை பெயின்ட், அதில் பட்டு வருகிற வெளிச்சமும் சேர்கிறது.

ஜெர்சி அண்ணா சொன்ன 1 சதவீத முறை பில்லோவில் ஆட்டோகான்ட்ராஸ்ட் என்ற பெயரில் தயாராகவே இருந்தது, கட்ஆஃப் 1 கொடுத்து ஓட்டினேன். சில படம் பிரமாதம். ஆனால் அரக்குச் சேலை ஒன்று வாங்குபவர் கண்ணுக்குப் பிடிபடாத ஒரு நீலம் கலந்த கலராக வந்து நிற்கிறது. முதலாளி பார்த்துவிட்டு, இந்த டிசைன் நம்மிடம் எப்போது வந்தது என்று கேட்டார்.

மின்ட் அச்சகம்

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிற எங்களுக்குக் கான்ட்ராஸ்ட்டைவிடக் கலர்தான் உயிர். உங்களுக்கும் அதுதான் தம்பி, சேலை விற்கிறீர்கள், சினிமா எடுக்கவில்லை.

நடந்தது இது. ஆட்டோகான்ட்ராஸ்ட் சாதாரணமாக சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக இழுக்கும். அரக்குச் சேலை படத்தை நிறைத்துக்கொண்டிருந்தால் நீல சேனலில் 20 முதல் 60 வரைதான் சரக்கு இருக்கும். அந்தக் கொஞ்சத்தை 0 முதல் 255 வரை இழுத்தால் இல்லாத நீலம் எல்லாம் எழுந்து வரும். பல நிறம் கலந்த படத்தில் இந்த முறை டியூப்லைட்டின் பச்சை வாடையைக்கூட எடுத்துவிடும், அதனால்தான் சில படம் பிரமாதமாக வந்தது. ஒற்றை நிறப் பொருளுக்கு இது எமன். பிரிசர்வ் டோன் என்ற ஒன்றை ட்ரூ என்று கொடுத்தால் மூன்று சேனலுக்கும் ஒரே இழுப்பு கொடுக்கும்.

ஆனால் ஒரே இழுப்பு கொடுத்தாலும் கலர் மாறும், அதைப் பலர் கவனிப்பதில்லை. 200, 120, 120 என்ற ரோஸை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ராயபுரம் சார் சொன்ன கணக்கில் 236, 116, 116 ஆகிறது. சிவப்புக்கும் மற்றதுக்கும் இடைவெளி 80 இருந்தது 120 ஆகிவிட்டது. கான்ட்ராஸ்ட் கூடும்போது நிறமும் கூடவே கத்த ஆரம்பிக்கும். ரோஸ் சேலை ராணி பிங்க் ஆகும். வாங்கியவர் வீட்டில் பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்.

படத்தை லேப் கலர் ஸ்பேஸுக்கு மாற்றி, வெளிச்சத்தைக் குறிக்கும் எல் சேனலை மட்டும் இழுத்து, திரும்பக் கொண்டு வாருங்கள். நிறம் இருக்கும் ஏ, பி சேனல்களில் கை வைக்க வேண்டாம். ஓபன்சிவியில் திறந்தால் சேனல் வரிசை நீலம், பச்சை, சிவப்பு என்று தலைகீழாக இருக்கும், மாற்றும்போது அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு கேமரா

அக்கா, கொள்கையாகச் சரி. ஆனால் தம்பி விஷயத்தில் தேரடி ஐயா சொன்ன வெள்ளைப் படலம்தானே மூல காரணம்? அந்தப் படலம் மூன்று சேனலிலும் வெள்ளையைக் கலந்து நிறத்தையும் சேர்த்துத்தான் வெளுக்க வைத்தது. எல் சேனலை மட்டும் இழுத்தால் அழுத்தம் வரும், வெளுத்த நிறம் வெளுத்தபடியே நிற்கும். கலந்ததைக் கழிக்க வேண்டுமென்றால் மூன்று சேனலிலும்தான் கழிக்க வேண்டும்.

மின்ட் அச்சகம்

எவ்வளவு கலந்தது என்று அளந்து கழித்தால் ஒப்புக்கொள்கிறேன். கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று 1.5 போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

வியாசர்பாடி பத்தாம் நம்பர் ஜெர்சி

கிளாஹே பற்றி யாருமே பேசவில்லையே? படத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் தனியாக ஹிஸ்டோகிராமை, அதாவது எந்த மதிப்பில் எத்தனை பிக்சல் என்ற கணக்கை, சமன் செய்து, கட்டங்களுக்கு நடுவே தையல் தெரியாமல் இணைக்கும். ஓபன்சிவியில் 8க்கு 8 கட்டம், கிளிப் லிமிட் 2.0 என்று வைத்து எல் சேனலில் ஓட்டினால் எந்தப் படமும் எழுந்து உட்காரும்.

காசிமேடு கேமரா

என் படங்களுக்கு நான் அதைத்தான் வைத்திருக்கிறேன். எண்ணூர் முகத்துவாரத்தில் நின்று எடுத்தால் முன்னால் படகு தெளிவாக இருக்கும், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கி பாதி கரைந்திருக்கும். தூரம் கூடக் கூடக் காற்றில் இருக்கும் தூசியும் ஈரமும் சிதறடிக்கிற வெளிச்சம் கூடிக்கொண்டே போகிறது, அதனால் கான்ட்ராஸ்ட்டும் தூரத்தோடு சேர்ந்து குறைகிறது. ஒரே நேர்கோட்டை மொத்தப் படத்துக்கும் போட்டால் புகைபோக்கி சரியாகும்போது படகு கருகிவிடும். இடத்துக்கு இடம் வேறு அளவு தேவைப்படுகிற படம் இது. புகைமூட்டத்தை நீக்க என்றே 2009இல் கைமிங் ஹே குழு டார்க் சேனல் முறையைக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையும் இந்தத் தூரக் கணக்குத்தான்.

ஆனால் சேலைக்குக் கிளாஹே வேண்டவே வேண்டாம். ஒரே நிறத்தில் இருக்கும் உடல் பகுதியில் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத கட்டத்தில்கூட அது வித்தியாசத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கும். சின்ன மடிப்பு அழுக்குக் கறை மாதிரி தெரியும். போன் கேமரா இரைச்சலும் எழும். கிளிப் லிமிட் இதைக் கட்டுப்படுத்தத்தான் இருக்கிறது, ஆனால் ஓபன்சிவி தானாக வைக்கும் மதிப்பு 40. அதை மாற்றாமல் ஓட்டிவிட்டுக் கிளாஹேவைத் திட்டுபவர்களும் உண்டு.

பாலிடெக்னிக் கடைசி பெஞ்ச்

இன்னொரு சந்தேகம். 128 என்பது வெளிச்சத்தில் பாதி இல்லையே? காமா, அதாவது நிஜ வெளிச்சத்தை வளைத்துச் சேமிக்கும் முறை, இருப்பதால் பாதி வெளிச்சம் 188 அருகில் வரும், கேமராக்காரர்கள் சொல்லும் 18 சதவீதச் சாம்பல் 118 அருகில் வரும் என்று படித்தேன். அப்படியென்றால் எல்லாவற்றையும் லீனியருக்கு, அதாவது வளைக்காத நிஜ வெளிச்ச மதிப்புக்கு, மாற்றிவிட்டுத்தானே கான்ட்ராஸ்ட் கணக்கைப் போட வேண்டும்?

ராயபுரம்வாசி

எண்கள் சரி, முடிவு பாதிதான் சரி. படத்தைச் சிறிதாக்கும்போதோ மங்கலாக்கும்போதோ லீனியர் முக்கியம், ஏனென்றால் அங்கே நிஜ வெளிச்சங்களைக் கலக்கிறோம். கான்ட்ராஸ்ட் என்பது பார்ப்பவர் கண்ணுக்கு. காமா போட்ட மதிப்புகள் கண் உணரும் படிகளுக்குக் கிட்டத்தட்ட இணையாக இருக்கின்றன, அதனால் அங்கேயே கணக்குப் போடுவது தவறில்லை. லீனியரில் 1.5 போட்டுப் பாருங்கள், நிழல் பகுதி மொத்தமும் மொத்தையாகக் கறுத்துவிடும். லென்ஸ் படலத்தைக் கழிப்பது மட்டும் கறாராகப் பார்த்தால் லீனியரில் செய்ய வேண்டியது. வாட்ஸ்அப் படத்துக்கு அந்த அளவு கறார் தேவையா என்பது வேறு கேள்வி.

தம்பியின் லேஸுக்கு வருகிறேன். கிளிப் போட்டதும் சாம்பல் போய்விட்டது என்றார், ஆனால் லேஸின் பூ வேலை தெரிகிறதா என்று சொல்லவில்லை. தெரிந்திருக்காது. 128ஐ வைத்து 1.5 போட்டால் 213க்கு மேலே இருப்பது எல்லாம் 255தான். நூலும் ஓட்டையும் 225, 240 என்று இருந்தால் இரண்டும் ஒரே வெள்ளை. நேர்கோட்டின் விலை இது, சாய்வைக் கூட்டினால் முனையில் எதையாவது பறிகொடுக்க வேண்டும்.

நடுவில் செங்குத்தாகவும் முனைகளில் படுத்தும் இருக்கிற வளைகோடு போட்டால் இழப்பு குறையும். எளிய ஒன்று:

த = பழையது ÷ 255
புதியது = 255 × (3த² − 2த³)

நடுவில் இதன் சாய்வும் 1.5தான், ஆனால் 200 என்பது 236 ஆகாமல் 225 அருகில் நிற்கும். 230 என்பது 248, 240 என்பது 252. இடைவெளி சுருங்கினாலும் பூ வேலை அழியாது.

இதைப் பிக்சல் பிக்சலாகக் கணக்குப் போட வேண்டாம். 12 மெகாபிக்சல் படம் என்றால் மூன்று சேனலும் சேர்த்து 3.6 கோடி மதிப்புகள். உள்ளே வரக்கூடிய மதிப்பு வெறும் 256 தானே? முதலில் ஒரு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள்:

0 முதல் 255 வரை ஒவ்வொரு எண்ணுக்கும்:
  வளைகோட்டு மதிப்பைக் கணக்கிடு
  0–255க்குள் வெட்டு, முழு எண்ணாக்கு
  அட்டவணை[எண்] = அந்த மதிப்பு

அப்புறம் படத்தின் ஒவ்வொரு மதிப்பையும் அட்டவணையில் பார்த்து மாற்றினால் போதும். ஓபன்சிவியில் எல்யூடி, பில்லோவில் பாயின்ட். கடை லேப்டாப் எவ்வளவு பழசாக இருந்தாலும் இது ஓடும்.

பெரம்பூர் லோகோ

வெப் பக்கம் ஆட்களுக்காக ஒரு வரி. சிஎஸ்எஸ் ஃபில்டரில் கான்ட்ராஸ்ட் 1.5 என்பது ராயபுரம் அண்ணாவின் முதல் ஃபார்முலாவேதான், அசையாப் புள்ளி சரியாகப் பாதியில். கேன்வாஸில் பிக்சலை எடுத்தால் கிடைக்கும் அரே தானாகவே 0–255க்குள் வெட்டிக்கொள்ளும், சுற்றிக்கொண்டு வரும் தொல்லை இல்லை. நான்கு நான்காக வரும் மதிப்பில் நாலாவது ஆல்ஃபா, அதாவது ஒளி ஊடுருவும் அளவு, அதைப் பெருக்கிவிடாதீர்கள்.

அப்புறம் தம்பி, வாட்ஸ்அப்பில் ஒரு தடவை போய் வந்த படத்தை எடுத்துக் கான்ட்ராஸ்ட் கூட்டாதீர்கள். ஜேபெக் 8க்கு 8 பிக்சல் கட்டமாகச் சுருக்குகிறது, கான்ட்ராஸ்ட் ஏறினால் அந்தக் கட்டங்கள் பல்லைக் காட்டும். கேமரா ஒரிஜினலில் செய்யுங்கள், ஒரே தடவை செய்யுங்கள். வெளியீட்டு ஃபோல்டரையே திரும்ப ஓட்டாமல் இருக்க இரண்டு ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

தேரடி ஸ்டூடியோ

எல்லோரும் படத்தைக் கேட்டு முடிவு செய்யச் சொல்கிறீர்கள். படத்துக்கு என்ன தெரியும்? வெள்ளைச் சேலைப் படம் ஒன்று, கறுப்புச் சேலைப் படம் ஒன்று, இரண்டையும் தானாக இழுக்கச் சொன்னால் இரண்டையும் நடுச் சாம்பலை நோக்கித்தான் கொண்டுபோகும். ஒரே சேலையை இரண்டு கோணத்தில் எடுத்தால் இரண்டு ஷேடில் வரும். கஸ்டமர் எதை நம்புவார்?

பழைய வழி சொல்கிறேன். எடுக்க ஆரம்பிக்கும்போது முதல் படத்தில் சேலை வேண்டாம். சேலை விரிக்கிற அதே இடத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாள், ஒரு கறுப்பு வெல்வெட் துண்டு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுங்கள். போனில் எக்ஸ்போஷரை லாக் செய்துவிடுங்கள். அந்தப் படத்தில் தாள் எவ்வளவு, துணி எவ்வளவு என்று அளந்து, அந்த ஒரே கணக்கை அன்றைக்கு எடுக்கிற எல்லாப் படத்துக்கும் போடுங்கள். தாளை 255க்குக் கொண்டுபோகாதீர்கள், 240 போதும். துணியை 15இல் நிறுத்துங்கள். லேஸும் ஜரிகையும் தாளைவிட மினுக்கும், அவற்றுக்கு மேலே இடம் வேண்டும்.

மின்ட் அச்சகம்

இதற்குக் கையெழுத்துப் போடுகிறேன். மூன்று சேனலையும் தனித்தனியாக அளந்தால் சுவரின் பச்சை வாடையும் இதிலேயே போய்விடும். இங்கே தனித்தனியாக இழுப்பதில் ஆபத்தில்லை, ஏனென்றால் அளந்தது தாளை, சேலையை இல்லை.

எம்சிரோடு தம்பி

ஐயா சொன்னபடி எடுத்தேன். மூன்று சேனலையும் சராசரியாகச் சொன்னால் கறுப்புத் துணி 52, தாள் 202. 52ஐ 15க்கும் 202ஐ 240க்கும் கொண்டுபோக,

புதியது = (பழையது − 52) × 225 ÷ 150 + 15

கோடில் மூன்று சேனலுக்கும் அதனதன் எண் போட்டிருக்கிறேன், அட்டவணை மூன்று, கிளிப் கட்டாயம். லேஸில் பூ தெரிகிறது. அரக்கு அரக்காக இருக்கிறது. படத்தை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன், முதலாளியும் பார்த்தார். ரோஸ் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது, அதற்கு 240க்குப் பதில் 232 வைத்துப் பார்க்கிறேன்.

ராயபுரம்வாசி

225ஐ 150ஆல் வகுத்தால் 1.5. அசையாப் புள்ளியைக் கணக்குப் போட்டால் 126. நான் சொன்ன 128க்கு இரண்டுதான் குறைவு, எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.

காசிமேடு கேமரா

டியூப்லைட் கடையில் அண்ணா. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு நாள் துறைமுகத்துக்கு வாருங்கள், வெல்வெட்டும் தாளும் கொண்டுவாருங்கள், அங்கே என்ன வருகிறது பார்ப்போம்.

எம்சிரோடு தம்பி

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. மயில்கழுத்துச் சேலை. அதே கணக்குத்தான், அதே லாக்தான், ஒரு படத்தில் பச்சை, இன்னொன்றில் நீலம். கோடில் எங்கேயாவது விட்டிருக்கிறேனா?

மின்ட் அச்சகம்

கோட் சரி. அதில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், பார்க்கிற கோணம் மாறினால் எது மேலே தெரிகிறதோ அந்த நிறம் வரும். அதை எந்த அட்டவணையாலும் ஒன்றாக்க முடியாது. அந்த ரகத்துக்கு மட்டும் இரண்டு படம் போடுங்கள், விரித்தபடி ஒன்று, முந்தானையைத் திருப்பிப் பிடித்து ஒன்று.